மேகக் கணிமை ஆராய்ச்சியில் பல்கலைக் கழகமும் தொழில் துறையும்

ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர் வட்டாரத்தில் மாம்பழக் கூழ் தயாரிக்கும் தொழிற்சாலைகள் பல இயங்கி வருகின்றன. தோத்தாபுரி வகைப் பழம் பெருமளவில் வந்து குவியும் சில வாரங்களில் அவை இரவு பகலாக ஓடும். லாரிகளும் டிராக்டர்களும் வாயிலில் வரிசையாக நிற்கும். பருவம் முடிந்ததும் எந்திரங்களுக்குப் பெரும்பாலும் ஓய்வுதான். ஆலையின் கொள்ளளவை எதை வைத்து முடிவு செய்வது? பருவத்தின் உச்சத்தை வைத்து முடிவு செய்தால் ஆண்டின் பெரும் பகுதியில் முதலீடு முடங்கிக் கிடக்கும். சராசரியை வைத்து முடிவு செய்தால் பருவ காலத்தில் விவசாயியின் பழம் வாயிலிலேயே அழுகும்.

அங்கிருந்து சுமார் எழுபது கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருப்பதியில் இதே கேள்வி வேறு வடிவில் எழுகிறது. திருமலையில் தரிசனத்திற்கான 300 ரூபாய்ச் சிறப்பு நுழைவுச் சீட்டுகள், முன்னரே அறிவிக்கப்பட்ட நாளில், குறிப்பிட்ட நேரத்தில், இணையத்தின் வழியே வழங்கப்படுகின்றன. அந்தச் சில நிமிடங்களில் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் பக்தர்கள் ஒரே வேளையில் முன்பதிவுக்கு முயல்கின்றனர். அடுத்த நாள் அதே கணிப்பொறிகளுக்கு வேலை மிகக் குறைவு. உச்ச நேரச் சுமையைத் தாங்குவதற்காக வாங்கி வைக்கும் சாதனம் மற்ற நேரங்களில் வீணாகும். வாங்காவிட்டாலோ தேவையான நேரத்தில் சேவை நின்று போகும்.

இத்தகைய ஏற்றத் தாழ்வுகளைச் சமாளிக்கக் கணிப்பொறித் துறை கண்ட வழியே 'மேகக் கணிமை' ஆகும். அதனைப் பயன்படுத்துவதற்குப் பணம் இருந்தால் போதும். அதனை மேலும் செம்மைப்படுத்தவும், நம் தேவைக்கேற்ப உருவாக்கவும் ஆராய்ச்சி வேண்டும். இந்த ஆராய்ச்சியைப் பல்கலைக் கழகம் தனித்துச் செய்ய இயலாது. தொழில் நிறுவனமும் தனித்துச் செய்வது அரிது. இரண்டும் எவ்வாறு இணையலாம் என்பதற்குச் சித்தூர், திருப்பதி வட்டாரம் கருதத்தக்க ஒரு களமாக அமைந்துள்ளது.

மேகக் கணிமை என்பது யாது?

ஒவ்வொரு நிறுவனமும் தனக்கெனக் கணிப்பொறிகளை வாங்கி, கட்டடம் கட்டி, குளிர்சாதனமும் மின்சாரமும் அமைத்துப் பராமரிப்பதற்குப் பதிலாக, தொலைவிலுள்ள பெரிய தரவு மையங்களிலிருந்து கணிப்புத் திறனை வலைப்பின்னல் வழியாகப் பெறுவது, பயன்படுத்திய அளவுக்கு மட்டும் கட்டணம் செலுத்துவது ஆகிய ஏற்பாடே மேகக் கணிமை எனப்படுகிறது. மின்சாரத்தையும் குடிநீரையும் போலக் கணிப்புத் திறனும் பொதுப் பயன்பாட்டுச் சேவையாக வழங்கப்படலாம் என்ற கருத்து புதிதன்று. 1961இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில் நுட்பக் கழகத்தின் நூற்றாண்டு விழாவில் ஜான் மெக்கார்த்தி என்ற அறிஞர் இக்கருத்தை வெளியிட்டார். 2006ஆம் ஆண்டில் அமேசான் நிறுவனம் சேமிப்பு இடத்தையும், பின்னர்க் கணிப்புத் திறனையும் வாடகைக்கு வழங்கத் தொடங்கியபோது அது பரவலான வணிக வடிவம் பெற்றது.

இதன் அடித்தளமாக அமைவது 'மெய்நிகர்க் கணிப்பொறி' என்னும் உத்தி. ஒரு பெரிய கணிப்பொறியின் செயலி, நினைவகம், சேமிப்பு ஆகியவற்றை மென்பொருள் வாயிலாகப் பல பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் தனிக் கணிப்பொறியாகவே இயங்கச் செய்யலாம். ஒரு வாடிக்கையாளருக்குத் தேவை குறையும்போது அவரது பகுதியை மற்றொருவருக்கு ஒதுக்கலாம். பலருடைய உச்ச நேரங்கள் ஒரே வேளையில் நிகழ்வதில்லை என்பதே இந்த ஏற்பாட்டைச் சிக்கனமாக்குகிறது.

ஆராய்ச்சிக்குரிய சிக்கல்களும் இங்கேதான் தோன்றுகின்றன. எந்தப் பணியை எந்தக் கணிப்பொறியில் ஏற்றுவது? வரப்போகும் சுமையை முன்கூட்டியே எவ்வாறு கணிப்பது? பாதி நிரம்பிய பல கணிப்பொறிகளை இயக்குவதற்குப் பதிலாகச் சிலவற்றில் பணியைத் திரட்டி, எஞ்சியவற்றை அணைத்து மின்சாரத்தை மிச்சப்படுத்த இயலுமா? ஒரே இயந்திரத்தைப் பகிர்ந்து கொள்ளும் இருவரில் ஒருவரது இரகசியம் மற்றவருக்குக் கசியாமல் காப்பது எப்படி? தரவு மையம் தொலைவில் இருப்பதால் ஏற்படும் தாமதத்தைத் தவிர்க்க, தரவு பிறக்கும் இடத்திற்கு அருகிலேயே ஒரு பகுதிக் கணிப்பை முடித்துக் கொள்ளலாமா? இவை கணிதமும் பொறியியலும் பொருளாதாரமும் கலந்த கேள்விகள்.

இரு தரப்பின் இல்லாமை

பல்கலைக் கழகத்திடம் இருப்பவை காலமும் சுதந்திரமும் ஆகும். ஓர் ஆய்வு மாணவர் ஒரே கேள்வியை மூன்று நான்கு ஆண்டுகள் தொடர்ந்து ஆராயலாம். தோல்வியுற்ற சோதனையும் அவருக்குப் பாடமே. ஆனால் பல்லாயிரம் கணிப்பொறிகள் கொண்ட தரவு மையம் அவரிடம் இல்லை. அதைவிட முக்கியமாக, இலட்சக் கணக்கானோர் பயன்படுத்தும்போது உண்டாகும் உண்மையான பணிச் சுமை அவரிடம் இல்லை.

இக்குறையை ஓரளவு ஈடு செய்யப் பாவனைச் சோதனை மென்பொருள்கள் உதவுகின்றன. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் பல்கலைக் கழகத்தில் இந்தியாவில் பிறந்த பேராசிரியர் ராஜ்குமார் புய்யாவின் தலைமையிலான ஆய்வுக் கூடம் உருவாக்கிய 'கிளவுட்சிம்' அவற்றுள் புகழ் பெற்றது. ஒரு சாதாரணக் கணிப்பொறியிலேயே ஒரு தரவு மையம் இயங்குவது போன்ற நிலையை உண்டாக்கிப் பார்க்க அது வகை செய்கிறது. இந்தியக் கல்லூரிகளில் முதுகலை, முனைவர் பட்ட ஆய்வுகள் பல இதனைக் கொண்டே நடைபெறுகின்றன. எனினும், பாவனையில் கொடுக்கப்படும் சுமை ஆய்வாளரின் கற்பனையில் பிறந்ததாயின், கிடைக்கும் முடிவும் கற்பனையின் எல்லையைத் தாண்டாது. வயலைப் பார்க்காமல் வரைபடத்தில் செய்த வேளாண்மைக்கு அதனை ஒப்பிடலாம்.

தொழில் நிறுவனத்தின் நிலை இதற்கு நேர்மாறானது. அதனிடம் சாதனமும் சுமையும் உள்ளன, காலம் இல்லை. இந்தக் காலாண்டில் சேவை தடைப்படக் கூடாது என்பதே அதன் முதற் கவலை. ஐந்தாண்டு கழித்துப் பயன் தரக்கூடிய ஓர் ஐயத்தை ஆராயத் தன் பொறியாளர்களை அது எளிதில் விடுவிப்பதில்லை.

ஒரு தரப்பிடம் உள்ளது மற்றதிடம் இல்லை. கூட்டு முயற்சியின் நியாயம் இதுவே. நன்கொடை, பாராட்டு விழா, புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் படம் ஆகியவை இதற்குப் பின்னரே வர வேண்டியவை.

வெளிநாட்டு அனுபவம்

2007 அக்டோபரில் கூகுள், ஐ.பி.எம். ஆகிய இரு நிறுவனங்களும் சேர்ந்து அமெரிக்காவின் ஆறு பல்கலைக் கழகங்களுக்குப் பெரிய கணிப்பொறித் தொகுதிகளைப் பயன்படுத்தும் வசதியை அளித்தன. வாஷிங்டன் பல்கலைக் கழகத்தில் ஒரு பாடத் திட்டமாகத் தொடங்கிய முயற்சியே இவ்வாறு விரிந்தது. தனித்தனிக் கணிப்பொறியில் நிரல் எழுதிப் பழகிய மாணவர்கள், ஆயிரம் கணிப்பொறிகளைச் சேர்த்து இயக்கும் முறையை அறியாதிருந்தனர். நிறுவனங்களுக்கோ அத்தகைய பயிற்சி பெற்றவர்களே தேவைப்பட்டனர். அடுத்த ஆண்டு அந்நாட்டின் தேசிய அறிவியல் நிறுவனமும் இத்திட்டத்தில் சேர்ந்து, மேலும் பல கல்விக் கூடங்களுக்கு இதன் பயனை விரிவுபடுத்தியது.

கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக் கழகம் வேறொரு முறையைக் கையாண்டது. 2005ஆம் ஆண்டு இறுதியில் கூகுள், மைக்ரோசாப்ட், சன் ஆகிய மூன்று நிறுவனங்களின் ஆதரவுடன் அங்கு ஓர் ஆய்வுக் கூடம் தொடங்கப்பட்டது. போட்டி நிறுவனங்கள் ஒரே ஆய்வுக் கூடத்தை ஆதரிக்க முடிந்ததற்குக் காரணம், ஆய்வில் விளையும் மென்பொருளை எவரும் பயன்படுத்தும் வகையில் வெளியிடுவது என்று தொடக்கத்திலேயே முடிவு செய்திருந்ததுதான். ஆண்டுக்கு இரு முறை நிறுவனப் பொறியாளர்களும் மாணவர்களும் ஓரிடத்தில் கூடி, நடைபெறும் ஆய்வுகளை விமர்சித்தனர். ஆய்வுக் கூடத்தின் ஆயுளும் ஐந்து ஆண்டுகள் அளவில் வரையறுக்கப்பட்டது. 2009இல் இக்குழு வெளியிட்ட அறிக்கை, மேகக் கணிமை பற்றிய தெளிவான விளக்கத்தை உலகுக்கு அளித்தது.

இதே மரபில் பிறந்ததுதான் 'ஸ்பார்க்' என்னும் மென்பொருள். அப்போது வழக்கிலிருந்த முறையில், ஒரே தரவைத் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டிய கணக்குகள் ஒவ்வொரு முறையும் வட்டுச் சேமிப்பிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. அருகிலிருந்த சக ஆய்வாளர்கள் பட்ட இந்த இடர்ப்பாட்டைக் கண்ட மாணவர் மாத்தே ஸகாரியா, தரவை நினைவகத்திலேயே வைத்திருக்கும் வழியை 2009 முதல் உருவாக்கினார். 2013இல் அம்மென்பொருள் அப்பாச்சி அறக்கட்டளையிடம் ஒப்படைக்கப்பட்டது. அதே ஆண்டில் அதனை அடிப்படையாகக் கொண்டு ஒரு நிறுவனமும் தோன்றியது. இன்று உலகெங்கும் வங்கிகளும் வணிக நிறுவனங்களும் பெருந்தரவுக் கணிப்புக்கு அதனைப் பயன்படுத்துகின்றன.

மூன்றாவது முறை, தரவை மட்டும் பகிர்வது. கூகுள் நிறுவனம் தனது கணிப்பொறித் தொகுதி ஒன்றில், சுமார் 12,500 கணிப்பொறிகளில், 2011 மே மாதத்தில் 29 நாட்கள் நடந்த பணிகளின் பதிவை ஆய்வாளர்களுக்கு வெளியிட்டது. வாடிக்கையாளர் யார், பணி எது என்பன அடையாளம் காண முடியாதவாறு மறைக்கப்பட்டிருந்தன. பின்னர் மைக்ரோசாப்டும் சீனாவின் அலிபாபாவும் இத்தகைய பதிவுகளை வெளியிட்டன. எந்தப் பெரிய சாதனமும் இல்லாத ஒரு கல்லூரி மாணவர், தமது பாவனைச் சோதனையில் உண்மையான சுமையை ஏற்றிப் பார்க்க இப்பதிவுகள் வழி திறந்தன. செலவு மிகக் குறைந்த இந்த ஒத்துழைப்பு அளித்த பலன் பெரிது.

இந்தியாவில் நடந்தவை

இந்தியாவும் இத்துறையில் காலந்தாழ்த்தித் தொடங்கவில்லை. புனேயில் டாட்டா குழுமத்தைச் சேர்ந்த கம்ப்யூட்டேஷனல் ரிசர்ச் லேபரட்டரீஸ் நிறுவனம் அமைத்த 'ஏகா' என்னும் மீத்திறன் கணிப்பொறி, 2007 நவம்பரில் உலகத் தர வரிசையில் நான்காம் இடம் பெற்றது. அதில் 14,400 செயலிகள் இருந்தன. 2008 மார்ச்சில் அந்நிறுவனமும் யாஹூவும் மேகக் கணிமை ஆராய்ச்சிக்காக உடன்பாடு செய்து கொண்டன. நாட்டின் கல்வி, ஆராய்ச்சி நிலையங்களின் கணிப்பொறிகளை இணைக்கும் 'கருடா' என்ற திட்டத்தை உயர் கணிப்பு வளர்ச்சி மையமான சி-டாக் முன்பே மேற்கொண்டிருந்தது. அத்திட்டம் தன் முதற் கட்டத்தில் 17 நகரங்களிலுள்ள 45 நிலையங்களை உள்ளடக்கியது. சி-டாக்கின் சென்னை மையம் 'மேகதூத்' என்ற பெயரில் மேகக் கணிமைக்கான மென்பொருள் தொகுப்பை உருவாக்கியது. 2014இல் 'மேகராஜ்' என்னும் அரசு மேகக் கணிமைத் திட்டத்தின் தேசிய மேகம் தொடங்கி வைக்கப்பட்டது.

2015இல் 4,500 கோடி ரூபாய் மதிப்பீட்டில் தேசிய மீத்திறன் கணிப்பொறித் திட்டமும், 2024 மார்ச்சில் 10,300 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்பீட்டில் இந்திய செயற்கை நுண்ணறிவுத் திட்டமும் ஏற்கப்பட்டன. பின்னதன் கீழ்த் தனியார் தரவு மையங்களிலுள்ள சாதனங்களை அரசு மானியத்துடன் மாணவர்களும் ஆய்வாளர்களும் வாடகைக்குப் பெறலாம். சாதனம் எட்டாக் கனியாக இருந்த நிலை இதனால் மாறி வருகிறது.

ஆயினும் அடிப்படையான ஒரு குறை நீடிக்கிறது. 2020-21இல் இந்தியா ஆராய்ச்சிக்கும் வளர்ச்சிக்கும் செலவிட்ட தொகை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதமே. அதில் தனியார் தொழில் துறையின் பங்கு 36.4 சதவீதம், உயர்கல்வித் துறையின் பங்கு 8.8 சதவீதம். தொழில் வளம் மிக்க நாடுகளில் தொழில் துறையே ஆராய்ச்சிச் செலவில் பெரும் பகுதியை ஏற்கிறது. மாணவர்களின் பெரும் தொகை பல்கலைக் கழகங்களில் இருக்க, ஆராய்ச்சிப் பணத்தில் பத்தில் ஒரு பங்கும் அங்கே செலவாகவில்லை. இந்த இடைவெளியைக் குறைப்பதும் 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி அமைந்த அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிறுவனத்தின் நோக்கங்களுள் ஒன்றாகும்.

ஸ்ரீசிட்டி: பங்கில் பிறந்த கல்விக் கூடம்

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, சென்னைக்கு வடக்கே சுமார் 55 கிலோமீட்டர் தொலைவில் அமைந்திருப்பது ஸ்ரீசிட்டி தொழில் நகரம். 2008இல் தொடங்கப்பட்ட இந்நகரில் மெட்ரோ ரயில் பெட்டிகள், வாகனங்கள், குளிர்சாதனக் கருவிகள், மின்னணுப் பொருள்கள், உணவுப் பண்டங்கள் ஆகியவற்றைத் தயாரிக்கும் பன்னாட்டு ஆலைகள் உள்ளன. சென்னை மெட்ரோவுக்கான ரயில் பெட்டிகளும் இங்கு தயாரிக்கப்பட்டன.

இந்நகருக்குள்ளேயே 2013 முதல் இந்தியத் தகவல் தொழில் நுட்பக் கழகம் ஒன்று செயல்பட்டு வருகிறது. அரசும் தனியாரும் பங்கேற்கும் முறையில் நாடெங்கும் இருபது கழகங்கள் அமைக்க மத்திய அரசு வகுத்த திட்டத்தின் கீழ் இது தோன்றியது. ஒவ்வொரு கழகத்திற்கும் மூலதனச் செலவு 128 கோடி ரூபாய் என மதிப்பிடப்பட்டது. பொது விதிப்படி அதில் 50 சதவீதத்தை மத்திய அரசும், 35 சதவீதத்தை மாநில அரசும், 15 சதவீதத்தைத் தொழில் துறையும் ஏற்க வேண்டும். அதாவது முறையே 64 கோடி, 44.80 கோடி, 19.20 கோடி ரூபாய். தொழில் துறைப் பங்காளிகளுக்கு நிர்வாகக் குழுவிலும் இடமுண்டு. 2017ஆம் ஆண்டுச் சட்டம் இக்கழகங்களுக்குத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிலையங்கள் என்ற தகுதியையும் பட்டம் வழங்கும் உரிமையையும் அளித்தது.

இக்கழகத்தின் பெயரில் 'சித்தூர்' என்ற சொல் இன்றும் நிலைத்திருக்கிறது. ஆனால் 2022 ஏப்ரலில் மாவட்டங்கள் சீரமைக்கப்பட்டபோது ஸ்ரீசிட்டி புதிய திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது. எல்லைகள் மாறினாலும் இரு மாவட்டங்களின் வாழ்வும் பிணைந்தே உள்ளது.

பங்குத் தொகையால் கட்டடம் எழும். ஆராய்ச்சி தானாக எழாது. 15 சதவீதம் செலுத்திய தொழில் துறை, பட்டம் பெற்ற மாணவரை வேலைக்கு எடுத்துக் கொள்வதோடு நின்று விட்டால், அது வேலை வாய்ப்பு ஏற்பாடே தவிர ஆராய்ச்சிக் கூட்டு ஆகாது. இத்தகைய கல்விக் கூடத்தின் உண்மையான வாய்ப்பு அதன் அமைவிடத்தில் இருக்கிறது. நடந்து செல்லும் தொலைவில் ஆலைகள் உள்ளன. அவற்றின் எந்திரங்கள் ஒவ்வொரு வினாடியும் வெப்பம், அதிர்வு, மின் அளவு ஆகியவற்றைப் பற்றிய தரவை உண்டாக்குகின்றன. அவை அனைத்தையும் தொலைதூரத் தரவு மையத்திற்கு அனுப்பினால் செலவும் தாமதமும் மிகும். எதை ஆலைக்குள்ளேயே கணிப்பது, எதை மேகத்திற்கு அனுப்புவது என்பது உலக ஆய்வுக் கூடங்கள் இன்று விடை தேடும் கேள்வி. அதற்கான பரிசோதனைக் களம் கல்விக் கூடத்தின் வாயிலிலேயே இருப்பது அரிய பேறு.

திருப்பதியின் அறிவு வளம்

திருப்பதி கல்விக்குப் புதிய ஊர் அன்று. 1954இல் இங்கு ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக் கழகம் நிறுவப்பட்டது. 1983இல் ஸ்ரீ பத்மாவதி மகளிர் பல்கலைக் கழகம் தோன்றியது. மாநிலப் பிரிவினைக்குப் பின், 2015இல் இந்தியத் தொழில் நுட்பக் கழகமும் இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சிக் கழகமும் இங்கே தொடங்கப்பட்டன. முன்னதற்குச் சென்னை ஐ.ஐ.டி. வழிகாட்டியாக அமைந்தது.

2018 டிசம்பரில் மத்திய அரசு 3,660 கோடி ரூபாய் மதிப்பீட்டில், கணிப்பொறியையும் பௌதிக எந்திரங்களையும் இணைக்கும் ஆய்வுக்கான தேசியத் திட்டத்தை ஏற்றது. அதன் கீழ் நாடெங்கும் 25 புத்தாக்க மையங்கள் அமைந்தன. அவற்றுள் ஒன்று திருப்பதி ஐ.ஐ.டி.யில் உள்ள நவாவிஷ்கார் ஐ-ஹப். இடங்காணல், துல்லியத் தொழில் நுட்பம் ஆகியவை அதற்கு ஒதுக்கப்பட்ட துறை. கல்விக் கூடத்தின் துறையாக அமையாமல், இலாப நோக்கமற்ற தனி நிறுவனமாக இம்மையங்கள் பதிவு செய்யப்பட்டுள்ளன. தொழில் நிறுவனங்களுடன் உடன்பாடு செய்யவும், புதிய தொழில் முனைவோரை ஆதரிக்கவும் இவ்வமைப்பு வசதியானது.

திருப்பதிக்கு அருகே காதங்கியில் தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக் கூடம் உள்ளது. அங்குள்ள 53 மெகாஹெர்ட்ஸ் ரேடார் 1,024 உணர்கொம்புகளைக் கொண்டு மேல்வளிமண்டலத்தின் காற்றோட்டத்தை அளக்கிறது. ஸ்ரீஹரிகோட்டா விண்வெளி மையமும் இன்று திருப்பதி மாவட்டத்தில் அடங்கியதே. பெருந்தரவு பிறக்கும் நிலையங்களும், அதனைக் கையாளும் முறையைக் கற்பிக்கும் கல்விக் கூடங்களும், அதனால் பயன் பெறத்தக்க ஆலைகளும் வயல்களும் இவ்வளவு நெருக்கமாக அமைந்த வட்டாரங்கள் அதிகமில்லை.

உடன்பாட்டில் தெளிவு

கூட்டு முயற்சிகள் பல, தொடக்க விழாவோடு உறங்கி விடுவதற்குக் காரணம் நல்லெண்ணம் இல்லாமை அன்று. உடன்பாட்டில் தெளிவு இல்லாமையே. நான்கு செய்திகள் எழுத்தில் இடம்பெற வேண்டும்.

முதலாவது, கேள்வி எது என்பது. "மேகக் கணிமையில் ஒத்துழைப்போம்" என்பது கேள்வி அன்று. "குறிப்பிட்ட ஆலையின் தரவில் எத்தனை பங்கை ஆலைக்குள்ளேயே கணித்தால் செலவு குறையும்?" என்பது கேள்வி. அதற்கு விடை கிடைத்ததா, இல்லையா என்பதை அளந்து கூற முடியும்.

இரண்டாவது, தரவு. மக்களின் பெயரும் தொலைபேசி எண்ணும் அடங்கிய பதிவை அப்படியே மாணவரிடம் கொடுக்க இயலாது. 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆராய்ச்சிக்குச் சில விலக்குகளை அளிக்கிறது. எனினும், வகுக்கப்பட்ட நெறிகளைப் பின்பற்றுவதும், தனி மனிதரைப் பற்றிய முடிவுகளுக்கு அத்தரவைப் பயன்படுத்தாதிருப்பதும் அதற்கான நிபந்தனைகள். அடையாளத்தை நீக்கி, எண்ணிக்கையையும் நேரத்தையும் மட்டும் தருவது பெரும்பாலான ஆய்வுகளுக்குப் போதுமானது.

மூன்றாவது, முடிவின் உரிமை. மாணவருக்குப் பட்டம் பெற ஆய்வுக் கட்டுரை வெளியிட வேண்டும். நிறுவனத்திற்கு இரகசியம் காக்க வேண்டும். 1970ஆம் ஆண்டு இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின்படி கணிப்பொறி நிரலுக்கு, அது நிரல் என்ற அளவில் மட்டும், காப்புரிமை இல்லை. சாதனத்தோடு கூடிய கண்டுபிடிப்பாயின், கட்டுரை வெளியாகு முன் விண்ணப்பம் செய்தல் வேண்டும். எனவே வெளியீட்டைத் தடுக்கும் உரிமையை நிறுவனத்திற்கு அளிக்காமல், விண்ணப்பத்திற்குத் தேவையான சில மாதங்கள் மட்டும் தள்ளி வைக்கும் உரிமையை அளிப்பதே முறை.

நான்காவது, மனிதர்களும் காலமும். தொழில் துறையில் நெடுங்கால அனுபவம் பெற்றவர்கள் முனைவர் பட்டம் இன்றியே பல்கலைக் கழகத்தில் கற்பிக்க, 2022இல் பல்கலைக் கழக மானியக் குழு வழி வகுத்தது. எதிர்த் திசையிலும் இப்பாலம் தேவை. ஆசிரியர் ஓராண்டு ஆலையிலோ தரவு மையத்திலோ பணியாற்றித் திரும்பினால் அவருடைய பாடத்தின் போக்கே மாறும். நிதியைப் பொறுத்த வரை, நிறுவனங்கள் தம் சமூகப் பொறுப்பு நிதியை அரசு நிதியில் இயங்கும் பல்கலைக் கழகங்களின் அறிவியல் ஆராய்ச்சிக்கு வழங்க 2019இல் கம்பெனிச் சட்ட அட்டவணை திருத்தப்பட்டது. இவ்வாய்ப்பை மாவட்ட அளவிலுள்ள கல்விக் கூடங்களும் அறிந்து பயன்படுத்த வேண்டும்.

யாருடைய கேள்வி?

2025 அக்டோபரில் விசாகப்பட்டினத்தில் ஐந்தாண்டுகளில் 1,500 கோடி டாலர் முதலிட்டுத் தரவு மையம் உள்ளிட்ட வசதிகளை அமைப்பதாகக் கூகுள் நிறுவனம் அறிவித்தது. மாநிலத்தின் கடற்கரையில் பெரும் சாதனங்கள் வர இருக்கின்றன. சாதனம் வந்த இடத்தில் எல்லாம் ஆராய்ச்சி வளர்ந்ததில்லை என்பது பிற துறைகள் தந்த பாடம். அங்கு காவலரும் மின் பணியாளரும் மட்டும் உள்ளூர்க்காரராக இருந்து, சிந்தனை முழுவதும் வெளியிலிருந்து வருமாயின், பயன் குறைவே.

2025ஆம் ஆண்டு மாம்பழப் பருவத்தில் சித்தூர் வட்டாரத்தில் தோத்தாபுரிப் பழத்தின் விலை சரிந்தது. கிலோவுக்கு ஆலைகள் 8 ரூபாயும் அரசு 4 ரூபாயும் ஆக 12 ரூபாய் விவசாயிக்குக் கிடைக்க ஏற்பாடு செய்யப்பட்டது. ஆலை வாயில்களில் வாகனங்கள் நீண்ட வரிசையில் காத்திருந்தன. விலைச் சரிவைக் கணிப்பொறி தடுத்துவிட முடியாது. அதற்குச் சந்தையும் கொள்கையும் உள்ளன. ஆனால் எந்தத் தோட்டத்துப் பழம் எந்த நாளில் பழுக்கும், எந்த ஆலையில் எப்போது இடம் இருக்கும், எந்த வாகனம் எங்கே செல்ல வேண்டும் என்பது ஓர் ஒதுக்கீட்டுக் கணக்கு. ஆயிரம் பணிகளை நூறு கணிப்பொறிகளுக்குப் பகிர்ந்தளிக்கும் மேகக் கணிமையின் கணக்கும் இதுவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அழியக்கூடிய பொருள், நிச்சயமற்ற வருகை, வரையறுக்கப்பட்ட கொள்ளளவு ஆகிய மூன்றும் சேர்ந்த இச்சிக்கல் எந்தப் பல்கலைக் கழகத்திற்கும் தகுதியான ஆய்வுப் பொருளே.

அதனைச் செய்ய ஆலைகள் தம் கொள்முதல் பதிவுகளைத் தர வேண்டும். தோட்டக்கலைத் துறை சாகுபடி விவரங்களைத் தர வேண்டும். பல்கலைக் கழகம் மாணவரையும் ஆசிரியரையும் தர வேண்டும். கணிப்புத் திறனை இன்று வாடகைக்குப் பெறலாம். இம்மூன்று தரப்பையும் ஒரு மேசையில் அமர்த்துவது மாவட்ட நிர்வாகத்தின் கையில் உள்ளது. வாயிலில் இரவெல்லாம் காத்திருக்கும் டிராக்டர் ஓட்டுநரின் நேரம் சில மணியாவது மிச்சமானால், சித்தூரிலும் திருப்பதியிலும் பல்கலைக் கழகமும் தொழில் துறையும் செய்த கூட்டு ஆராய்ச்சி தன் முதற் தேர்வில் வெற்றி பெற்றதாகக் கொள்ளலாம்.